ஏழு தீவு வேண்டாம், மூன்று போதும்

அந்தமானுக்கு முதுகுப்பையோடு கிளம்பும் கோவை மாணவர் இயற்கைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

உங்கள் பயணத் திட்டம் வந்து சேர்ந்தது. ஒன்பது பேர், ஏழு தீவு. ஆளுக்கொரு பை, ஆளுக்கொரு பைனாகுலர், இரண்டு பேருக்கு ஒரு கூடாரம். காலையில் எந்தப் படகு, மாலையில் எந்தக் கடற்கரை என்று மணிக்கணக்குப் பார்த்துக் கட்டம் போட்டிருக்கிறீர்கள். உழைப்பு தெரிகிறது. ஆனால் நான்கு பக்கத் திட்டத்தில் உயிரினங்களைப் பற்றி இருப்பது ஒரே வரி: ‘வழியில் பறவைகள் பார்க்கலாம்.’ பேர் இயற்கைக் குழு!

பதிலை உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் ஆண்டு முடியும் சமயத்தில் இதே மாதிரித் திட்டங்கள் வேறு ஊர்களிலிருந்தும் வருகின்றன. கல்லூரி மாறுகிறது, கடற்கரைகளின் வரிசை மாறுவதில்லை. எல்லாருக்கும் ஒரே பதில்தான் என்பதால் ஊரறியவே எழுதுகிறேன்.

எந்தத் தீவுக்குப் போகலாம் என்று தொடங்காதீர்கள். எந்த உயிரைப் பார்க்க வேண்டும், அது எந்த மாதம் எங்கே கிடைக்கும் என்று தொடங்குங்கள். தீவு தன்னால் முடிவாகிவிடும். அப்படிப் போட்டுப் பார்த்தால் உங்கள் ஏழு தீவு மூன்றாகச் சுருங்கும்: தெற்கு அந்தமான், நீல், வடக்கு அந்தமான். ஹேவ்லாக்கை வெட்டியதற்கு உங்களில் பாதிப் பேர் என்னைத் திட்டுவீர்கள் என்று தெரியும். திட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தத் தீவுகள் யார் வீடு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். சென்னையிலிருந்து சுமார் 1,350 கிலோமீட்டர் தூரம். வடகோடியிலிருந்து மியான்மர் கரைக்கு அதில் கால்வாசிகூட இல்லை. அரக்கான் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கி, முகடுகளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த முகடுகள்தான் அந்தமான். அதனால் ஆட்சி இந்தியாவினுடையது, காடு பர்மாவின் சாயல். இடையில் கடல் இருப்பதால் புலி வரவில்லை, சிறுத்தை வரவில்லை, குரங்குகூட வரவில்லை. காட்டுப்பன்றியும் மரநாயும்தான் அங்கே பெரிய பாலூட்டிகள். வந்து சேர முடிந்தவை பறந்தும் மிதந்தும் வந்தவை. வந்தவை பல்லாயிரம் ஆண்டு தனித்து வாழ்ந்து வேறு இனமாகிவிட்டன. உலகத்தில் வேறெங்கும் இல்லாத இருபதுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் அந்தமான் நிக்கோபாரில் இருக்கின்றன. ஆகவே யானை, காட்டெருமை என்று முதுமலைக் கண்ணோடு போனால் ஏமாற்றம்தான். சிறியதைப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

சிறியது என்றால் எவ்வளவு சிறியது? நீங்கள் தங்கும் விடுதியின் சுவரிலேயே ஒன்று இருக்கும். பகலில் நடமாடும் பச்சைப் பல்லி. நம் வீட்டுப் பல்லி இருட்டியதும் டியூப்லைட் பக்கம் வருமே, அந்தப் பழக்கம் இதற்கு இல்லை. வெயில் ஏறியதும் வாழை மரத்திலோ கதவு நிலையிலோ வந்து ஒட்டிக்கொள்ளும். முதுகில் செம்புள்ளிகள், கண்ணைப் பறிக்கிற பச்சை. வாழைப்பூவில் தேன் நக்கும். இதன் சொந்தக்காரப் பல்லிகள் எல்லாம் மடகாஸ்கரிலும் அதைச் சுற்றிய தீவுகளிலும் இருக்கின்றன. இது மட்டும் இந்துமாக் கடலின் இந்தப் பக்கம் தன்னந்தனியாக. காலை ஆறு மணிப் படகைப் பிடிக்க ஓடுகிறவன் இந்தப் பல்லியைப் பார்க்கவே மாட்டான். எட்டு மணிக்கு டீக்கிளாசோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் பார்ப்பான்.

அடுத்தது மாதம். தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் இறங்குவது இங்கேதான், மே மாதம் மூன்றாம் வாரத்தில். அதனால் கல்லூரிக் கோடை விடுமுறை என்று மே கடைசியில் போகிற யோசனையை விட்டுவிடுங்கள். அக்டோபர், நவம்பரில் புயல் பயம். டிசம்பரிலும் மழை மிச்சமிருக்கும். ஜனவரி பிறந்ததும் வானம் தெளியும், கடல் அடங்கும், ஏப்ரல் வரை தாங்கும். நீங்கள் பொங்கலை ஒட்டிக் குறித்திருக்கிறீர்கள், நல்லது. பிப்ரவரிக்குத் தள்ள முடிந்தால் இன்னும் நல்லது. கூட்டமும் வாடகையும் குறையும்.

இன்னொன்று, நம் கடிகாரம் அங்கே பொருந்தாது. தீவுகள் கிழக்கே வெகுதூரம் தள்ளியிருப்பதால் சூரியன் நமக்கு முன்னால் உதித்து முன்னால் மறைகிறது. ஜனவரியில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். நீங்கள் ‘மாலை 5.30: கடற்கரையில் பறவை நோக்கல்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் ஆந்தையைத்தான் பார்க்கலாம். அதையும் குறை சொல்ல மாட்டேன், ஆந்தைக்காகவே அங்கே போகிறவர்கள் உண்டு. ஆனால் பகல் வேலைகளையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால் இழுத்து வையுங்கள்.

போவதற்கு விமானம் போட்டிருக்கிறீர்கள். இரண்டேகால் மணி நேரத்தில் இறக்கிவிடும். உங்களுக்கு நான் சொல்வது கப்பல். சென்னைத் துறைமுகத்திலிருந்து அரசுப் பயணியர் கப்பல் மாதத்தில் சில தடவைதான் கிளம்புகிறது. போய்ச்சேர ஏறக்குறைய மூன்று நாள். கீழ்த்தளத்துப் பங்க் படுக்கைதான் மலிவு. அங்கே இன்ஜின் சத்தம் உண்டு, புழுக்கம் உண்டு, ஏசி கேபின் மாதிரி இருக்காது. ஆனால் சக பயணிகள் யார் என்று பாருங்கள்: தங்கை கல்யாணத்துக்கு ஊர் வந்து திரும்பும் கொத்தனார், ஆஸ்பத்திரிக்குச் சென்னை வந்துவிட்டுப் போகும் குடும்பம், இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சாலில் ரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். 2004 சுனாமி கச்சால் தீவைத் துடைத்துப் போட்ட கதையை எந்தப் புத்தகத்தையும்விட அவர்கள் நன்றாகச் சொல்வார்கள், நீங்கள் கேட்கத் தெரிந்தவர்களாக இருந்தால்.

மேல்தளத்தில் நின்றால் கோலா மீன்கள் கப்பலின் முகப்பு கிழித்த தண்ணீரிலிருந்து கொத்தாக எழும்பிப் பறக்கும். அவை எவ்வளவு தூரம் போகின்றன என்று பார்க்கத் தொடங்கினால் பொழுது போவதே தெரியாது. ஓங்கில் கூட்டம் கண்ணில் படலாம், படாமலும் போகலாம். நடுக்கடலில் பறவைகள் குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கரை நெருங்குகிற அன்று காலையில் ஆலாக்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். தீவு என்றால் எவ்வளவு தூரம் என்பது உடம்புக்கு அப்போதுதான் உறைக்கும். தூரம் புரியாமல் தீவின் உயிரினம் புரியாது. திரும்பும்போது விமானத்தில் வாருங்கள். இருவழியும் கப்பல் என்றால் விடுமுறை கடலிலேயே கரைந்துவிடும்.

கப்பல் தேதி கடைசி நேரத்தில்தான் உறுதியாகும், மாறவும் செய்யும். தீவுகளுக்கிடையே ஓடும் அரசுப் படகுகளும் அப்படித்தான். அவை உள்ளூர்க்காரர்களின் பேருந்து. டிக்கெட்டில் அவர்களுக்குத்தான் முதலிடம், அது நியாயமும்கூட. தனியார் விரைவுப் படகு ஹேவ்லாக், நீல் வரைதான் கை கொடுக்கும். ஆக, திட்டத்தில் இரண்டு நாள் வெறுமனே விட்டுவையுங்கள். காற்று அடித்துப் படகு ரத்தாகிற நாளில் எரிச்சல் படாமலிருக்க அதைவிட்டால் வேறு வழி கிடையாது. ஒரு சின்ன எச்சரிக்கை: 2018 முதல் ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் தீவு என்றும் நீலுக்கு ஷாஹீத் தீவு என்றும் பெயர், போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் புதுப்பெயர் இருக்கும், படகில் ஏற்றுகிறவர் பழைய பெயரைக் கூவுவார்.

இப்போது உங்கள் திட்டத்தின் ஆறாம் நாளுக்கு வருகிறேன். நான் இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு நாளுக்காகத்தான்.

‘அதிகாலை ஜிர்காடாங் சோதனைச்சாவடி, வாகன அணியில் ஜாரவாக் காட்டைக் கடந்து பாராடாங்’ என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘அதிர்ஷ்டம் இருந்தால் பழங்குடியினரைப் பார்க்கலாம்’ என்று போட்டிருக்கிறீர்கள். எழுதியது யார் என்று கேட்கப் போவதில்லை. டிராவல்ஸ்காரர்கள் சொல்கிற வாக்கியம்தான் அது, அப்படியே உங்கள் தாளுக்கு வந்துவிட்டது. தம்பி, தங்கைகளே, பறவைப் பட்டியலுக்குப் பக்கத்தில் மனிதர்களை வைக்கலாமா?

ஜாரவாக்கள் சில நூறு பேர். 1990களின் பிற்பாதி வரை வெளியாரை அண்டவிடாமல் தங்கள் காட்டைக் காத்துவந்தவர்கள். பிறகுதான் அம்பில்லாமல் வெளியே வரத் தொடங்கினார்கள். வந்த வேகத்தில் 1999இல் தட்டம்மை அவர்களைப் பிடித்தது. நமக்குச் சளி என்பது அவர்களுக்குச் சாவாக முடியலாம். அவர்கள் வேட்டையாடும் காட்டை அறுத்துக்கொண்டுதான் அந்தமான் நெடுஞ்சாலை போகிறது. காப்புக்காட்டுக்குள் வரும் பகுதியை மூடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னது. சாலை மூடப்படவில்லை. தினமும் குறித்த நேரத்துக்கு வாகனங்கள் வரிசைகட்டிப் போகின்றன. சாலையோரம் அவர்களை ஆடவிட்டுப் படம் பிடித்த காட்சி 2012இல் உலகம் பூராவும் நாறியது. 1956ஆம் ஆண்டு ஒழுங்குவிதிப்படி அவர்களைப் படம் எடுப்பதும், அங்கே வண்டியை நிறுத்துவதும், தின்பண்டம் கொடுப்பதும் குற்றம், ஜெயில் உண்டு. அந்த வரிசையில் நீங்கள் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்து போனாலும், வரிசையில் ஒரு வண்டி கூடியது கூடியதுதான்.

அப்படிப் போய்ப் பாராடாங்கில் என்ன பார்க்கப் போகிறீர்கள்? ஒரு சுண்ணாம்புக் குகை. குமிழ்விடும் ஒரு சேற்றுக்குட்டை. அதைச் சேற்று எரிமலை என்கிறார்கள். எரிமலை என்ற பேரைக் கேட்டுப் போனவர்கள் அங்கே நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது தனி வேடிக்கை. அது பார்த்தே ஆகவேண்டும் என்றால் வடக்கே டிக்லிபூர் பக்கம் ஷ்யாம் நகரிலும் இருக்கிறது.

வடக்கே போக அந்தச் சாலைதானே வழி என்பீர்கள். இல்லை, கடல் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து நீலுக்குப் படகு. அங்கிருந்தோ ஹேவ்லாக் மாறியோ லாங் தீவு வழியாக ரங்கத்துக்கு அரசுப் படகு. தினமும் கிடையாது, விசாரித்துக்கொள்ள வேண்டும். ரங்கத்திலிருந்து மாயாபந்தர், டிக்லிபூர் வரை உள்ளூர்ப் பேருந்து ஓடுகிறது, அந்தப் பாதை ஜாரவாக் காட்டுக்குள் போவதில்லை. நேரம் கூடும். படகு மேல்தட்டில் அலையாத்திக் கரைகளைப் பார்த்துக்கொண்டே போகிற அந்த நேரம் வீண் என்று நினைத்தால், இயற்கைக் குழு என்ற பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

சரி, மூன்று தீவிலும் என்ன செய்வது?

தெற்கு அந்தமானில் குறைந்தது நான்கு நாள் தங்குங்கள். எல்லாரும் ஓர் இரவு தூங்கிவிட்டுக் கிளம்பும் இடம் அது. பறவைக்காரர்களுக்கோ அதுதான் தலைவாசல். போர்ட் பிளேருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் சிடியா டாப்பு. பேருந்து போகிறது. விடியும் முன் அங்கே இருக்க வேண்டும் என்றால் முந்தின நாளே ஆட்டோ பேசிவையுங்கள். காட்டின் விளிம்புச் சாலையில் மெல்ல நடந்தாலே போதும். வால்பாறை, டாப்சிலிப் பக்கம் வயிறு வெளுத்த பெரிய கருப்பு மரங்கொத்தியைப் பார்த்திருப்பீர்கள். அதன் நெருங்கிய உறவு இங்கே இருக்கிறது, வயிறும் கருப்பு, தலையில் மட்டும் சிவப்பு. அது மரத்தைத் தட்டும் ஓசை வருகிற திசையில் கரிச்சான்களும் கீச்சான்களும் சேர்ந்தே மேயும். அந்தக் கலவைக் கூட்டத்தின் வாலில் அந்தமான் வால்காக்கை ஒளிந்து ஒளிந்து வரும். நம் ஊர் வால்காக்கை மாதிரி தோட்டத்தில் வந்து கத்துகிற ஜாதி இல்லை, கூச்ச சுபாவம். கூட்டம் போய்விட்டதே என்று துரத்தாதீர்கள். அதே இடத்தில் நின்றால் சுற்றிக்கொண்டு திரும்பி வரும்.

பாம்புக் கழுகில் இரண்டு இனம் உண்டு, குழம்ப வேண்டாம். கரையோரத்தில், அலையாத்தி மேல் வெளிறிய நிறத்தில் உட்கார்ந்திருப்பது நம் ஊர் இனத்தின் தீவு வடிவம். உள்காட்டில் கருங்காப்பி நிறத்தில் இருப்பதுதான் அந்தமானுக்கே உரியது. இருட்டியபின் அதே சாலையில் ஆந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவும். கையில் இருக்கும் போனில் அவற்றின் குரலை ஓடவிட்டு இழுக்கும் பழக்கம் இருந்தால் சிடியா டாப்புக்கு வராமலிருப்பதே உபகாரம். போகிற குழுவெல்லாம் அதே பத்து மரத்தடியில் நின்று அதே குரலைப் போட்டால், எல்லை காக்கும் பறவை இரை தேடுவது எப்போது?

மறுநாள் சிப்பிகாட் போங்கள். 2004 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் தாழ்ந்தது, வடக்கு அந்தமான் உயர்ந்தது. தாழ்ந்த பக்கம் வயலுக்குள் கடல் வந்து நின்றுவிட்டது. நெல் விளைந்த இடத்தில் இப்போது அந்தமான் கிளுவை வாத்தும் கொக்கும் உள்ளான்களும். பட்ட தென்னைகள் இன்னும் ஆங்காங்கே நிற்கின்றன. பறவைக்காரர்களுக்கு அது கொண்டாட்டமான இடம். நிலத்தை இழந்தவர்களும் அந்தச் சாலையில்தான் குடியிருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு சத்தம் குறையுங்கள்.

மவுன்ட் ஹாரியட்டுக்கு (2021 முதல் மவுன்ட் மணிப்பூர்) ஒரு நாள். சாத்தம் துறையிலிருந்து பாம்பூ பிளாட்டுக்குப் படகு, பிறகு மலைச்சாலை. பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருந்த கடலும் பனையும் இந்த மலையிலிருந்து தெரியும் காட்சிதான். எல்லாரும் நோட்டை நீட்டிப் பிடித்துப் படம் எடுத்துவிட்டு இறங்குகிறார்கள். நீங்கள் மதுபன் பக்கம் இறங்கும் காட்டுப்பாதையில் நடங்கள். நான்காம் நாள் வண்டூர். அங்கே 1983இல் அறிவித்த கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. ஜாலி பாய் தீவு ஆண்டில் பாதியும் ரெட் ஸ்கின் தீவு மறுபாதியும் திறந்திருக்கும். பவளத்துக்கு ஓய்வு கொடுக்கும் ஏற்பாடு. உங்கள் மாதத்தில் ஜாலி பாய். பிளாஸ்டிக் எதையும் உள்ளே விடமாட்டார்கள், வெறும் கையோடு போவது உத்தமம். நம் சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளை தொடங்கிய அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழுவின் தளமும் வண்டூரில்தான். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள், சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதீர்கள்.

ராஸ் தீவில் மான்கள் கையிலிருந்து வாங்கித் தின்னும் என்று ஆவலாக எழுதியிருக்கிறீர்கள். புள்ளிமானுக்கும் அந்தமானுக்கும் சம்பந்தமே இல்லை. வேட்டை விளையாட்டுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. தின்ன ஒரு சிறுத்தைகூட இல்லாத காட்டில் அவை பெருகி, முளைக்கிற கன்றையெல்லாம் மேய்ந்துவிடுகின்றன. இன்டர்வியூ தீவில் யானை இருக்கிறது. மரம் அறுத்த கம்பெனி நொடித்துப்போய் 1960களில் விட்டுப்போனவற்றின் வாரிசுகள். பிரம்பையும் தாழையையும் தின்று தீர்த்திருக்கின்றன. மழை பெய்த மறுநாள் பாதையில் ஊரும் பெரிய நத்தை ஆப்பிரிக்காவினுடையது, ஜப்பான்காரர்கள் பிடித்திருந்த காலத்தில் வந்தது. மைனா, சிட்டுக்குருவி எல்லாமே நாம் கொண்டுபோனவை. தீவில் சுலபமாகக் கண்ணில் படுகிறதா, முதலில் சந்தேகப்படுங்கள்.

நீலில் மூன்று நாள். சின்னத் தீவு, சைக்கிள் போதும். முங்கு நீச்சல் கண்ணாடி போட்டுப் பவளம் பார்ப்பதைவிட நான் உங்களுக்குச் சொல்வது லட்சுமண்பூர் கரையில் கடல் உள்வாங்கும் நேரத்து நடை. காலண்டரைப் பார்த்து அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி நீல் வருமாறு திட்டத்தை அமையுங்கள்; அந்த நாட்களில்தான் தண்ணீர் வெகுதூரம் விலகும். பாறைக் குட்டைகளில் கடல்வெள்ளரி, உடுமீன், கடல்விசிறிப் புழு, சில சமயம் ஒரு சின்ன ஆக்டோபஸ். ஒரு குட்டைக்கு அரை மணி நேரம் கொடுங்கள். முதல் ஐந்து நிமிடம் வெறும் தண்ணீர்தான் தெரியும். பிறகு ஒரு கல் நகரும், அது நண்டு. மணல் என்று நினைத்த இடத்தில் இரண்டு கண் திறக்கும். மிதிக்கிற ஒவ்வொரு அடியையும் பார்த்து வையுங்கள், உயிருள்ள பவளத்தில் கால் படக்கூடாது. 1998இலும் 2010இலும் 2016இலும் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்துப்போன கடல் இது. மிச்சமிருப்பது தேறிக்கொண்டிருக்கும் நோயாளி. செத்த பவளத்துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். வன உயிரினச் சட்டத்தில் அது குற்றம், விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள்.

வடக்கு அந்தமானில் டிக்லிபூருக்குப் பக்கத்துக் காலிப்பூர். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் கரை. பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என்று மற்றவையும் வருவதுண்டு. வனத்துறையின் பொரிப்பகம் இருக்கிறது. இரவு நடைக்கு அவர்களோடுதான் போகவேண்டும், சொன்ன இடத்தில் நிற்கவேண்டும். வெள்ளை டார்ச்சும் பிளாஷும் கூடாது. ஆமை குழி தோண்டும்போது கிட்டே போனால் முட்டையிடாமல் திரும்பிவிடும். இதற்கு ஒத்திகை வேண்டுமானால் சென்னையிலேயே பார்க்கலாம். 1988 முதல் பெசன்ட் நகர், நீலாங்கரைக் கரையில் இரவெல்லாம் நடந்து முட்டை சேகரித்துக் காக்கும் மாணவர் அமைப்பு இருக்கிறது. கப்பலேறும் முன் ஒரு வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ அவர்களோடு நடக்க முடியுமா என்று கேளுங்கள். லிட்டில் அந்தமானில் ஏழுவரி ஆமைகளின் முதுகில் கருவி பொருத்தித் தொடர்ந்தபோது, சில ஆஸ்திரேலியா பக்கமும் சில ஆப்பிரிக்கக் கரைப் பக்கமும் போயிருக்கின்றன. அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான கார்த்திக் ஷங்கர் ஆமையைப் படிக்கத் தொடங்கியது அந்தச் சென்னை மாணவர் நடையில்தான்.

காலிப்பூரிலிருந்து சேடில் பீக் ஏறலாம். 732 மீட்டர், அந்தமானின் உச்சி. போக வர முழு நாள், பாதி தூரம் கடலோரக் காடு, பிறகு செங்குத்து. வழியில் மாயாபந்தரில் ஒரு நாள் இறங்குங்கள். 1925இல் பர்மாவிலிருந்து வந்து பக்கத்து வெபியில் குடியேறிய கரேன் மக்களின் ஊர் அது. காட்டையும் கடலையும் அவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் அங்கே குறைவு. வழிகாட்டியாக வந்தால் பேசிய கூலியைக் குறைக்காதீர்கள்.

நார்கொண்டம் ஏன் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். சுமார் 7 சதுர கிலோமீட்டர்த் தீவு, உலகத்தில் நார்கொண்டம் இருவாச்சிக்கு அதுவொன்றே வீடு. நினைத்தவுடன் போக முடியாது, போகவும் வேண்டாம். நம் ஆனைகட்டி சலீம் அலி மையத்தின் இயக்குநராக இருந்து 2009இல் மறைந்த ரவி சங்கரன் அந்த இருவாச்சியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் போங்கள். உழவாரன் கூட்டைத் திருடி விற்றவர்களையே அந்தக் குகைகளுக்குக் காவலாக்கியவர் அவர். நிக்கோபாரும் அப்படித்தான், பழங்குடிப் பகுதி, அனுமதிச்சீட்டு இல்லாமல் முடியாது. கிரேட் நிக்கோபாரில் ஏழுவரி ஆமைகள் ஏறும் கலத்தியா விரிகுடாவின் சரணாலய அந்தஸ்தை 2021இல் நீக்கி, 2022இல் துறைமுகத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு போகும். அங்கே போய்ப் பார்க்க முடியாவிட்டாலும் அதைப் பற்றிப் படிக்கவும் பேசவும் முடியுமே. கப்பலில் மூன்று நாள் இருக்கிறது.

கூடாரங்களை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். அந்தமான் கரை படுத்துறங்கும் கரை இல்லை. ஓடை கடலில் சேரும் இடமெல்லாம் உவர்நீர் முதலை வரலாம், கடலிலும் நீந்தும். 2010இல் ஹேவ்லாக்கில் ராதாநகர் பக்கம் முங்கு நீச்சலில் இருந்த வெளிநாட்டுப் பெண் ஒருவர் முதலைக்குப் பலியானார். எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் முழங்கால் தண்ணீரில்கூட இறங்காதீர்கள். அரசு விருந்தினர் இல்லங்களும் சின்ன விடுதிகளும் எல்லா ஊரிலும் உண்டு. குளியல் சிக்கனமாக இருக்கட்டும். மழை கொட்டுகிற தீவுதான், ஆனாலும் பிப்ரவரிக்குப் பிறகு போர்ட் பிளேரிலேயே தண்ணீர் முறை வைத்துத்தான் வரும்.

திருத்திய திட்டத்தை அனுப்புங்கள். இந்தத் தடவை முதல் பக்கத்தில் உயிரினங்களின் பட்டியல் இருக்கட்டும், எதை யார் முன்கூட்டிப் படித்துவிட்டு வருவது என்று பெயர் போட்டு.

அன்புடன்,
உங்கள் அண்ணன்

பி.கு.: மணல் ஈ கடிக்கும், கடித்த இடத்தைச் சொறிந்தால் புண்ணாகும். முழுக்கைச் சட்டையும் தேங்காயெண்ணெயும் கொண்டுபோங்கள். இரவில் ஷூ இல்லாமல் நடக்காதீர்கள். அந்தமானின் நாகமும் கட்டுவிரியனும் தனி இனங்கள், நம் ஊர் விஷமுறி மருந்து நம் ஊர்ப் பாம்புகளின் விஷத்தை வைத்துச் செய்தது. டிக்லிபூர் பக்கம் ஏடிஎம்மை நம்ப வேண்டாம், ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேரில் கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் யார் என்று இப்போதே கண்டுபிடித்து, மாத்திரையை அவர்கள் பையிலேயே போட்டுவிடுங்கள்.